தொடாமல் வெட்டும் கருவி

பிளாஸ்மா டார்ச் தகட்டைத் தொடுவதில்லை. வெட்டும்போது அதன் முனைக்கும் இரும்புக்கும் நடுவே ஒன்றரை முதல் மூன்று மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் ஒரு மின்வில் எரிகிறது. அதன் வெப்பம் 20,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். உருகிய இரும்பை வாயு கீழே ஊதித் தள்ளிவிடும். லேத்திலோ மில்லிங் இயந்திரத்திலோ கருவி உலோகத்தை முட்டிச் சீவி எடுக்கவேண்டும். இங்கே முட்டல் மோதல் எதுவும் கிடையாது. அப்படியென்றால் டார்ச்சைச் சுமக்கிற சட்டம் லேசாக இருந்தால் போதும்தானே?

வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக சிஎன்சி பிளாஸ்மா மேசை கட்ட ஆரம்பிக்கிற பலரும் இப்படித்தான் யோசிக்கிறார்கள். நியாயமான யோசனைதான். ஸ்கொயர் டியூப்பை வெல்டிங் செய்து ஒரு மேசை. இரண்டு பக்கமும் தண்டவாளம் மாதிரி ரயில். அந்த ரயில்மேல் முன்னும் பின்னும் ஓடுகிற ஒரு குறுக்குச் சட்டம், அதற்குக் கேன்ட்ரி என்று பெயர். அந்தச் சட்டத்தில் இடமும் வலமும் நகர்கிற டார்ச். மூன்று நான்கு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு கட்டுப்பாட்டு போர்டு, பழைய கணினி ஒன்று. திரையில் வட்டம் வரைந்தால் தகட்டில் வட்டம் விழவேண்டும். விழுவதோ முட்டை. சதுரம் போட்டால் மூலைகள் மழுங்குகின்றன. ஒவ்வொரு மூலையைத் தாண்டியதும் கோடு கொஞ்ச தூரம் நடுங்கி, அப்புறம்தான் நேராகிறது.

மென்பொருள் எழுதிப் பிழைக்கிற என்னைப் போன்றவர்களின் கை உடனே செட்டிங்ஸ் பக்கம் போகும். வன்பொருள் எப்படி இருந்தாலும் மிச்சத்தைக் கோடில் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தொழிலின் குலதெய்வ நம்பிக்கை. ஆனால் இங்கே எண்கள் கச்சிதமாகத்தான் இருக்கின்றன. ஒரு ஸ்டெப்புக்கு 0.02 மில்லிமீட்டர் நகரும் என்று கணக்கு சொன்னால், மோட்டாரின் தண்டு சரியாக அவ்வளவுதான் சுற்றும். டார்ச்சின் முனை எங்கே இருக்கிறது என்பது வேறு கேள்வி. மோட்டாருக்கும் முனைக்கும் நடுவே இருக்கிற இரும்பு வளைகிறது, முறுகுகிறது, திரும்பி அடிக்கிறது. அந்த இரும்பு வளையாமல் நிற்கிற குணத்தைத் தமிழில் விறைப்பு எனலாம். பட்டறையில் ரிஜிடிட்டி.

சொன்ன இடத்துக்கும் கருவி போய் நின்ற இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கத்தான் இயந்திரக் கருவி செய்பவர்கள் இருநூற்றைம்பது வருஷமாகப் பாடுபட்டிருக்கிறார்கள். அதில் முதல் 175 வருஷத்தில் கணினி கிடையாது. இரும்போடு மட்டும்தான் மல்லுக்கட்டு.

ஜேம்ஸ் வாட் தன்னுடைய நீராவி எந்திரத்துக்கு 1769லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் எந்திரம் வியாபாரத்துக்கு வர 1776 ஆகிவிட்டது. நடுவில் பணத்தட்டுப்பாடு இருந்தது, சர்வே வேலை இருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலியாக இருந்தது சிலிண்டர். பழைய நியூகோமன் எந்திரத்தில் பிஸ்டன் கொஞ்சம் தளர்வாக இருந்தால் மேலே தண்ணீரை ஊற்றி அடைத்துக்கொள்வார்கள். வாட்டின் யோசனையின் உயிரே சிலிண்டரைச் சூடாக வைத்திருப்பதுதான், அதனால் தண்ணீர் ஊற்ற வழியில்லை. அவருக்கு வந்து சேர்ந்த 18 அங்குல சிலிண்டர் ஒன்றில் நீள விட்டம் குறுகிய விட்டத்தைவிட மோசமான இடத்தில் எட்டில் மூன்று அங்குலம் அதிகம். நம்ம ஆசாரி கணக்கில் மூன்று நூல். கார்க், எண்ணெய்த்துணி, சணல், காகிதம், பழைய தொப்பி என்று கையில் கிடைத்ததை எல்லாம் இடுக்கில் திணித்துப் பார்த்தார்கள். நீராவி கசிந்துகொண்டே இருந்தது.

அன்றைக்கு சிலிண்டரைக் குடைந்த விதத்தைப் பார்த்தால் காரணம் தெரியும். நீண்ட கம்பி ஒன்றின் நுனியில் வெட்டும் தலை. கம்பியின் ஒரு முனைக்குத்தான் பிடிமானம், தலை இருக்கிற முனை அந்தரத்தில் தொங்கும். தொங்காமல் இருக்க, தலைக்குக் கீழே சின்னச் சக்கரம் வைத்த வண்டி ஒன்றைச் சிலிண்டருக்குள்ளேயே ஓடவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையில் ஜான் ஸ்மீட்டன் அமைத்த குடையும் இயந்திரம் இந்த ரகம். வண்டி ஓடுவதோ வார்ப்பில் வந்த கரடுமுரடான பரப்பின்மேல். வார்ப்பு எங்கெல்லாம் கோணலோ, அங்கெல்லாம் கருவியும் கோணலாகப் போகும். ஸ்மீட்டன் சாதாரண ஆள் இல்லை, அந்தக் காலத்தின் முதல்தரப் பொறியாளர். வாட்டின் எந்திரத்தைப் பார்த்துவிட்டு, இதைத் துல்லியமாகச் செய்ய நம்மிடம் கருவியும் இல்லை ஆளும் இல்லை என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது.

விடை பீரங்கிக் குழல் குடைகிறவரிடமிருந்து வந்தது. ஜான் வில்கின்சன் வேல்ஸின் பெர்ஷாம் ஊரில் இரும்பாலை வைத்திருந்தார். இரும்புப் பித்துப் பிடித்த மனிதர். இரும்பில் படகு செய்து மிதக்கவிட்டவர், தனக்கான சவப்பெட்டியையும் இரும்பிலேயே செய்துவைத்தவர். 1774ல் பீரங்கி குடைய ஒரு முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷம் வாட்டின் சிலிண்டருக்காக அவர் செய்த மாற்றம் கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். பீரங்கிக்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், சிலிண்டருக்கு இரண்டு பக்கமும் திறப்பு. அதனால் கனமான கம்பியைச் சிலிண்டருக்குள் ஊடுருவ விட்டு, இரண்டு முனையிலும் தாங்கி கொடுத்துவிட்டார். வெட்டும் தலை அந்தக் கம்பியின்மேல் நகர்ந்தது. சிலிண்டரின் கோணலுக்கும் கருவியின் பாதைக்கும் இருந்த உறவு அறுந்துபோனது.

பொறியியல் இரண்டாம் வருஷத்தில் படித்த சூத்திரம் இங்கே உயிர்பெறுகிறது. ஒரு முனையில் மட்டும் பிடித்த கம்பியின் நுனியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டால் வரும் வளைவை 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே கம்பியை இரண்டு முனையிலும் தாங்கி, அதே பாரத்தை நடுவில் தொங்கவிட்டால் வளைவு 1. கம்பியும் அதே, இரும்பும் அதே. 1776ல் வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்ட்டன், டிப்டனில் நிறுவிய 50 அங்குல சிலிண்டர் எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிமன் அளவுகூடப் பிசகவில்லை என்று கடிதத்தில் எழுதினார்.

தொழிற்புரட்சி என்றதும் நமக்கு வாட் நினைவுக்கு வருகிறார், கெட்டிலில் கொதிக்கும் தண்ணீர் நினைவுக்கு வருகிறது. கம்பியின் இரண்டாவது முனைக்கு வைத்த தாங்கி எந்தப் பள்ளிப் பாடத்திலும் வருவதில்லை.

அடுத்த படி லேத். தமிழில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம், ஒரே சொல்தான். கடைசல்காரர் கையில் உளியைப் பிடித்து, ஒரு தாங்கலில் சாய்த்து, சுழலும் மரத்தில் வைப்பார். துல்லியம் முழுக்க அவர் மணிக்கட்டில். ஹென்றி மாட்ஸ்லே அந்த மணிக்கட்டின் இடத்தில் இரும்பை வைத்தார். பன்னிரண்டு வயதில் ஊல்விச் ஆயுதசாலையில் வேலைக்குச் சேர்ந்த பையன், பிறகு பூட்டு செய்கிற ஜோசப் பிராமாவிடம் தலைமைத் தொழிலாளி. வாரம் 30 ஷில்லிங்குக்கு மேல் கூலி கேட்டதற்கு பிராமா மறுத்ததால் 1797ல் வெளியேறித் தனிப்பட்டறை வைத்தார். அந்தச் சமயத்தில் அவர் செய்த திருகு வெட்டும் லேத்தில் மரச்சட்டம் இல்லை. படுகை இரும்பு, அதில் முக்கோண வடிவ வழித்தடம், அதன்மேல் கருவியைப் பிடித்து நகரும் தாங்கி. கருவியைத் தாங்கியில் பூட்டுகிற யோசனை அவருக்கு முன்பே இருந்தது. அதை விறைப்பான இரும்புப் படுகையோடும் துல்லியமான வழித்திருகோடும் சேர்த்துப் பட்டறைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது அவர்தான்.

அவரிடம் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் இன்னும் அடியில் இருக்கும் கேள்விக்குப் போனார். வழித்தடம் தட்டையாக இருக்கவேண்டும், சரி. தட்டை என்பதை எதை வைத்துச் சரிபார்ப்பது? தட்டையான இன்னொன்றை வைத்துத்தானே? அந்த முதல் தட்டை எங்கிருந்து வரும்? இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒன்று குழிந்தும் மற்றது அதற்கேற்ப உப்பியும் இருந்தால் கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது பலகையைக் கொண்டுவந்து, முதலாவதை இரண்டாவதோடு, இரண்டாவதை மூன்றாவதோடு, மூன்றாவதை முதலாவதோடு என்று மாற்றி மாற்றி ஒப்பிட்டால் பொய் தங்காது. சாயம் பூசி ஒட்டிப்பார்த்து, மேடாகத் தெரிகிற புள்ளிகளைக் கைச்சுரண்டியால் சுரண்டிக்கொண்டே வந்தால் மூன்றும் தட்டையாவதைத் தவிர வேறு வழியே இல்லை. 1840ல் கிளாஸ்கோ கூட்டமொன்றில் விட்வொர்த் இதைப் பற்றிப் பேசினார். மாட்ஸ்லே பட்டறையில் ஏற்கெனவே புழங்கிய முறைதான் என்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. எந்த அளவுகோலும் இல்லாமல் மூன்று கோணல் இரும்புகளிலிருந்து ஒரு நேர்மை பிறக்கிறது என்பதை யோசித்தாலே எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது. நான் பார்த்த அல்காரிதங்களில் இதைவிட அழகானவை குறைவு.

விட்வொர்த்தின் இன்னொரு பங்களிப்பு நம்முடைய பிளாஸ்மா மேசைக்கு நேரடிச் சொந்தம். இயந்திரச் சட்டங்களை உள்ளீடற்ற பெட்டி வடிவில் வார்த்தார். எடை குறைந்தது, விறைப்பு கூடியது. விறைப்பு என்றால் கனம் என்று நினைப்பவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்த பதில் அது. இதற்குப் பிறகு வருவோம்.

அதற்குமுன் எண்கள் எப்படி இரும்பைப் பிடித்தன என்பதைச் சொல்லவேண்டும். 1940களில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் ஹெலிகாப்டர் இறக்கைகள் தயாரித்தார். இறக்கையின் குறுக்குவெட்டு வளைவுக்கு அச்சுப்பலகை வேண்டும். அவரும் பிராங்க் ஸ்டூலன் என்ற பொறியாளரும் அந்த வளைவை 200 புள்ளிகளாகப் பிரித்து, ஐபிஎம் துளையட்டை இயந்திரத்தில் கணக்கிட்டார்கள். ஒருவர் எண்ணை உரக்கப் படிப்பார். மில்லிங் இயந்திரத்தின் இரண்டு கைப்பிடிகளிலும் நிற்கிற இருவர் அந்த எண்ணுக்குத் திருப்புவார்கள். அந்தப் புள்ளியில் வெட்டு. புள்ளிகளுக்கு நடுவே மிஞ்சுகிற மேட்டை அரத்தால் ராவி எடுப்பது. மனிதர்களே மோட்டாராக இருந்த சிஎன்சி இது! கைப்பிடியில் மோட்டாரையே வைத்துவிட்டால் என்ன என்று பார்சன்ஸ் விமானப்படையிடம் கேட்டார். 1949ல் ஒப்பந்தம் கிடைத்தது. மோட்டார்க் கட்டுப்பாட்டு வேலைக்கு அவர் எம்.ஐ.டி. ஆய்வகத்தைச் சேர்த்துக்கொள்ள, திட்டம் மெல்ல அவர் கையை விட்டுப் போய்விட்டது. 1952 செப்டம்பரில் எம்.ஐ.டி. பொதுவில் இயக்கிக் காட்டியது: 292 வெற்றிடக் குழாய்கள், துளையிட்ட காகித நாடா, இயந்திரத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்ட கட்டுப்பாட்டு அலமாரி.

வரலாற்றாய்வாளர் டேவிட் நோபிள் 1984ல் எழுதிய ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்’ நூலில் இந்தக் கதையின் மறுபக்கத்தைச் சொல்கிறார். அதே காலத்தில் இன்னொரு வழி இருந்தது. கைதேர்ந்த தொழிலாளி முதல் பாகத்தை வெட்டும்போது அவர் அசைவுகளை நாடாவில் பதிந்துகொண்டு, அடுத்தடுத்த பாகங்களுக்கு இயந்திரம் அதைத் திருப்பி நிகழ்த்தும். அதில் அறிவு தொழிலாளியிடம் இருந்தது. எண் கட்டுப்பாட்டில் அது அலுவலகத்துக்குப் போனது. நிர்வாகங்களும் ராணுவமும் இரண்டாவதை விரும்பியதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணம் இல்லை என்பது நோபிளின் வாதம். எனக்கு அதில் பெரும்பாலும் உடன்பாடுதான். சிக்கலான முப்பரிமாண வளைவுகளை எந்தக் கையாலும் பதிந்துகொடுத்திருக்க முடியாது என்பதை மட்டும் அவர் கொஞ்சம் லேசாகத் தாண்டிப்போகிறார் என்று தோன்றுகிறது.

ஆனால் நோபிளும் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு. அந்த 292 குழாய்களும் ஓட்டியது சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோ-டெல் என்ற மில்லிங் இயந்திரத்தை. கனமான வார்ப்பிரும்பு. அந்தக் காலத்து மில்லிங் இயந்திரங்களின் வழித்தடங்கள் கையால் சுரண்டித் தட்டையாக்கப்பட்டவை. எண் போன இடத்துக்குக் கருவியும் போனதென்றால், வில்கின்சனின் தாங்கியும் மாட்ஸ்லேயின் படுகையும் விட்வொர்த்தின் மூன்று பலகையும் அதற்குள் ஏற்கெனவே இருந்தன. தொழிலாளியின் திறமையை வெளியேற்றிவிட்டதாகச் சொன்ன இயந்திரம், பெயர் தெரியாத சுரண்டல்காரர்களின் திறமைமேல் உட்கார்ந்திருந்தது.

கொட்டகையில் மேசை கட்டுகிறவருக்கு இந்த வரலாறு தலைகீழாக நடக்கிறது. எம்.ஐ.டி.யின் அலமாரி அவருக்கு உள்ளங்கை அளவு போர்டாக, சில ஆயிரம் ரூபாயில் கிடைத்துவிடுகிறது. அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனத்தில் 1990களில் தொடங்கிய கட்டுப்பாட்டு மென்பொருளின் வாரிசான லினக்ஸ்-சிஎன்சி இலவசம். 2009ல் வந்த கிர்பிள் அதைவிடச் சின்ன சில்லில் ஓடுகிறது. பிளாஸ்மா டார்ச்சும் அப்படித்தான். 1950களின் நடுவில் லிண்டே நிறுவனத்தின் ராபர்ட் கேஜ், வெல்டிங் வில்லைச் சின்னத் துளை வழியே நெருக்கிவிட்டால் அது வெட்டும் கருவியாகிவிடும் என்று கண்டுபிடித்து, 1957ல் காப்புரிமை பெற்றார். இன்று அது கைப்பெட்டி அளவில் வருகிறது. 1952ல் கையில் கிடைக்காதது எல்லாம் இவரிடம் இருக்கிறது. 1775ன் பிரச்சினை மட்டும் தீர்க்கப்படாமல் முன்னால் நிற்கிறது.

இப்போது முட்டைக்கு வருவோம். மெல்லிய தகட்டில் டார்ச் நிமிஷத்துக்கு 6,000 மில்லிமீட்டர், அதாவது நொடிக்கு 100 மில்லிமீட்டர் போகவேண்டும் என்று வையுங்கள். 10 மில்லிமீட்டர் விட்டத்தில் துளை போடவேண்டும். அந்த வட்டத்தைச் சுற்ற முடுக்கம் நொடிக்கு நொடி 2,000 மில்லிமீட்டர். கேன்ட்ரியின் எடை 20 கிலோ என்றால், அதை முன்னும் பின்னும் இழுக்கத் தேவையான விசை 40 நியூட்டன், சுமார் 4 கிலோ எடைக்குச் சமம். தகடு டார்ச்சைத் தள்ளவில்லை. கேன்ட்ரி தன்னைத்தானே தள்ளிக்கொள்கிறது. 100 நியூட்டனுக்கு ஒரு மில்லிமீட்டர் வளைகிற சட்டமாக இருந்தால், டார்ச் இரண்டு பக்கமும் சுமார் 0.4 மில்லிமீட்டர் கூடுதலாகப் போய்வரும். இடவலமாக நகர்வது லேசான டார்ச் வண்டி மட்டும்தான், அங்கே இந்த வளைவு கிடையாது. ஆக ஒரு திசையில் 10, மறு திசையில் 10.8. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் விசை நான்கு மடங்கு.

சரி, முடுக்கத்தைக் குறைத்துவிடலாமே? நடுக்கம் நிற்கும். ஆனால் முடுக்கம் குறைந்தால் டார்ச் மூலைக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, தாண்டியபின் மெல்ல மெல்லத்தான் கூட்டும். பிளாஸ்மா வில் காத்திருக்காது. மெதுவாகப் போகும் இடத்தில் அது அதிகமாக உருக்கும், வெட்டு அகலமாகும், மூலை மழுங்கும். இன்னும் ஒரு விபரீதம் உண்டு. டார்ச்சின் உயரத்தை வில்லின் வோல்டேஜை வைத்துத்தான் இயந்திரம் கணிக்கிறது. வோல்டேஜ் கூடினால் தகடு தள்ளிப்போய்விட்டது என்று அர்த்தம், டார்ச்சை இறக்கும். மூலையில் வெட்டு அகலமானால் வில் நீண்டு வோல்டேஜ் கூடும். தகடு அசையவே இல்லை, ஆனால் டார்ச் குனிந்து போய் இடிக்கும். அதற்காக மூலைகளில் உயரக் கட்டுப்பாட்டைப் பூட்டிவைக்க மென்பொருளில் வழி செய்திருக்கிறார்கள். அது மருந்து இல்லை, வலி தெரியாமலிருக்க ஊசி.

ஆக, தொடாத கருவிக்கும் விறைப்பு வேண்டும், வேகம் மாறாமல் இருப்பதற்காக. அதோடு கனமும் கூடக்கூடாது, கனம் கூடினால் விசை கூடும். இங்கேதான் விட்வொர்த்தின் பெட்டி வருகிறது. பலர் கேன்ட்ரிக்குச் சேனலோ ஆங்கிளோ போடுகிறார்கள், போல்ட் மாட்ட வசதி என்று. டார்ச் கேன்ட்ரிக்குக் கீழே தொங்குவதால், முடுக்கம் ஒவ்வொரு முறையும் சட்டத்தை முறுக்கப் பார்க்கும். 100 மில்லிமீட்டர் சதுரக் குழாயை 3 மில்லிமீட்டர் தகட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டுத் திறந்துவிட்டால், முறுக்கத்துக்கு எதிரான விறைப்பு எழுநூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். எடை அப்படியே இருக்கும். முறுக்கம் டிகிரியில் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், 200 மில்லிமீட்டர் கீழே தொங்கும் முனையில் அது 0.35 மில்லிமீட்டர்.

மற்ற வேலைகளைச் சட்டென்று சொல்லிவிடலாம். தண்ணீர்த் தொட்டியையும் எரிந்து வளையும் பட்டைகளையும் ஒரு சட்டம் சுமக்கட்டும், ரயிலை இன்னொரு சட்டம். கேன்ட்ரியை இரண்டு பக்கமும் மோட்டார் வைத்து ஓட்டவேண்டும். மூலைவிட்டங்களை அளக்கவேண்டும், 1,200 மில்லிமீட்டர் சதுர மேசையில் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் முந்தினால் மூலைவிட்டங்கள் 1.4 மில்லிமீட்டர் வேறுபடும். குழாய் எவ்வளவு விறைப்பாக இருந்தாலும், அதை வண்டியோடு சேர்க்கும் பிளேட் மெல்லியதாக இருந்தால் அந்தப் பிளேட்டின் விறைப்புதான் மொத்த விறைப்பு. (அலுமினியத்தைத் தண்ணீருக்குமேல் வெட்டுகிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை. தொட்டியில் விழும் துகள்கள் ஹைட்ரஜனை வெளிவிடும், அது தகட்டுக்கடியில் தேங்கினால் வெடிக்கும்.)

எதை மாற்றினோம், எவ்வளவு பலன் என்று தெரிந்துகொள்ள விலையுயர்ந்த கருவி தேவையில்லை. மூலை தாண்டியதும் வெட்டின் ஓரத்தில் விழும் அந்த அலைகளே அளவுகோல். 20 கிலோ கேன்ட்ரி, 100 நியூட்டனுக்கு ஒரு மில்லிமீட்டர் வளைகிற சட்டம் என்றால், அது நொடிக்குச் சுமார் 11 முறை ஆடும். டார்ச் நொடிக்கு 100 மில்லிமீட்டர் போனால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் 9 மில்லிமீட்டர் இருக்கும். சேனலை எடுத்துவிட்டு மூடிய குழாயைப் போட்டு, பிளேட்டைத் தடிமனாக்கியபின், அதே வேகத்தில் அதே சதுரத்தை வெட்டி ஓரத்தில் ஸ்கேலை வைத்துப் பார்க்கலாம். எடை கூடாமல் விறைப்பு நான்கு மடங்கு ஆகியிருந்தால் அலைகள் நாலரை மில்லிமீட்டருக்கு ஒன்று என நெருங்கி வந்திருக்கும், உயரம் கால்வாசியாகியிருக்கும், விரல் நகத்தால் தடவினால்தான் தெரியும்.